தமிழில் இயங்கும் அரசின் நினைவகம்: புதிய ஆவணக் காப்பகத் திட்டமிடல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை எழும்பூரில் 1909ஆம் ஆண்டு அமைந்த ஆவணக் காப்பகம், ஆங்கிலத்தில் இயங்கிய ஓர் அரசின் கோப்புகளைக் காப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. 1956இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அரசு அலுவலகங்களில் தமிழின் பயன்பாடு படிப்படியாகப் பெருகியது. எனவே தமிழ்நாட்டில் இனி அமையும் எந்தப் புதிய காப்பகமும் பெரும்பகுதி தமிழ் ஆவணங்களைப் பெறவிருக்கும் காப்பகமாகும். ஆயினும் காப்பகத் திட்டமிடல் பற்றிய பேச்சு கட்டடப் பரப்பு, மின்வருடல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஆவணத் தேர்வு, பட்டியலாக்கம், எழுத்துருக் குறியேற்றம் ஆகிய மூன்று நிலைகளிலும் ஆவணத்தின் மொழி கருத்தில் கொள்ளப்படாவிடில் புதிய கட்டடம் பழைய இடைவெளிகளையே பேணும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆவணக் காப்பகம், ஆட்சிமொழி, ஆவணத் தேர்வு, கிராமக் கணக்கு, பட்டியலாக்கம், எழுத்துருக் குறியேற்றம்.

முன்னுரை

ஓர் அரசு புதிய ஆவணக் காப்பகம் அமைக்க முற்படும்போது பொதுவெளியில் பேசப்படுபவை பெரும்பாலும் அளவிடத்தக்கவை. எத்தனை சதுர அடி, எத்தனை அடுக்குகள், நாளொன்றுக்கு எத்தனை பக்கங்கள் மின்வருடப்படும் என்பனவே முதலில் வினவப்படுகின்றன. 2021இல், புதுதில்லி சென்ட்ரல் விஸ்டா திட்டத்தின் பகுதியாக இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைப்புக் கட்டடம் இடிக்கப்படும் என்ற செய்தி வெளியானபோது, வரலாற்றறிஞர்கள் வேறொரு வினாவை எழுப்பினர். உள்ளிருக்கும் ஆவணங்கள் எவ்வாறு இடம்பெயர்க்கப்படும், எங்கே வைக்கப்படும் என்பதே அவ்வினா. கட்டடத்தைக் கடந்து ஆவணத்தை நோக்கி விவாதத்தைத் திருப்பியதால் அது மதிக்கத்தக்கது.

எனினும் அவ்வினாவும் ஏற்கெனவே காப்பகத்துக்குள் வந்துசேர்ந்த ஆவணங்களைப் பற்றியதாகவே இருந்தது. வந்துசேராதவை, வந்தும் தேடிக் கண்டடைய இயலாதவை, கண்டடைந்தும் திறந்து படிக்க இயலாதவை ஆகியவற்றைப் பற்றிய வினா இன்னும் வலுவாக எழவில்லை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இம்மூன்று இழப்புகளுக்கும் பொதுவான ஒரு காரணம் உண்டு. ஆவணத்தின் மொழி மாறிவிட்டது. காப்பகம் பற்றிய நம் கற்பனை மாறவில்லை. இக்கட்டுரை இக்கருத்தை எழும்பூர்க் காப்பகத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கி விளக்குகிறது.

1. எழும்பூர் மாதிரியும் அதன் மொழியும்

புனித ஜார்ஜ் கோட்டையில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சேர்ந்துவந்த ஆவணங்களுக்குத் தனிக் கட்டடம் 1909இல் எழும்பூரில் அமைந்தது. சென்னை ஆவண அலுவலகம் என்ற பெயரில் இயங்கிய அது 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் தொடக்கக் காலக் காப்பாட்சியரான ஹென்றி டாட்வெல், ஆவணங்களை அடுக்கி வைப்பதோடு நில்லாமல் அவற்றை அச்சிட்டு ஆய்வாளர் கைக்குக் கொண்டுசேர்ப்பதையும் காப்பகப் பணியாகக் கருதினார். கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவுகளும் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. கொச்சியிலிருந்து வந்த டச்சு ஆவணங்களும் அங்குப் பேணப்பட்டன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றபோது சென்னையிலுள்ள பகுதியும் அதில் அடங்கியது. தென்னிந்திய வரலாற்றெழுதியல் இக்காப்பகத்துக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. கீழ்வரும் விமர்சனம் அக்கடனை மறுப்பதன்று.

அக்காப்பகம் ஓர் ஆங்கில நிர்வாகத்தின் தேவைக்காக உருவானது. அதன் தொடர்கள் ஆங்கிலத் துறைப் பெயர்களின்படி அமைந்தன. அதன் அட்டவணைகள் ஆங்கில அகரவரிசையில் எழுதப்பட்டன. தமிழ் அதனுள் நுழைந்தது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாகவே. இதற்கு இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட இப்பெரும் பதிவு, சென்னை அரசின் ஆணைப்படி 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. நான்காம் தொகுதி முதல் அதன் பதிப்பாசிரியர் டாட்வெல்லே. தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது அதற்குப் பின்னரே. ஒரு தமிழ் ஆவணம் தன் மொழிபெயர்ப்பின் வழியாகவே முதலில் வரலாற்றுச் சான்றாக ஏற்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, சுதேசிப் பத்திரிகைகள் குறித்த மந்தண அறிக்கைகள். 1870களிலிருந்து மாகாண அரசு தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் முதலிய மொழிகளின் இதழ்களிலிருந்து தனக்குத் தேவையெனத் தோன்றிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கையாகத் தொகுத்தது. அவ்வறிக்கைகள் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் குறிப்பிடப்படும் சிற்றளவு இதழ்கள் பலவற்றின் மூலப் பிரதிகள் கிடைப்பதில்லை. தமிழ் இதழியல் வரலாற்றை எழுதுவோர், தமிழில் வெளிவந்த தலையங்கத்தின் வாதத்தை ஆங்கிலச் சுருக்கத்திலிருந்து மீண்டும் தமிழாக்கி மேற்கோள் காட்ட நேர்கிறது. மூல ஆசிரியர் எந்தச் சொல்லால் அரசைச் சாடினார் என்பது மறைந்துவிடுகிறது; மொழிபெயர்ப்பாளரின் காதில் அது எவ்வாறு ஒலித்தது என்பது மட்டும் எஞ்சுகிறது. கருத்து வரலாறும் சொல் வரலாறும் ஆராய்வோர்க்கு இது ஈடுசெய்ய இயலாத இழப்பு.

2. காப்பகத்துக்கு வெளியே இருந்த தமிழ்

மேற்கண்ட நிலையைக் கொண்டு, குடியேற்றக் காலத்தில் அரசு தமிழில் எழுதவே இல்லை என முடிவுசெய்வது பிழை. அரசின் மேல்தளம் ஆங்கிலத்தில் எழுதியது. அடித்தளம் தமிழில் எழுதியது. கர்ணம் எழுதிய கிராமக் கணக்குகள் அத்தகையவை. பயிர் விவரம் காட்டும் அடங்கல், பட்டாதாரரின் நிலத் தொகுப்பைக் காட்டும் சிட்டா முதலியன ஊர்தோறும் ஆண்டுதோறும் எழுதப்பட்டன. ஜூலை முதல் நாளில் தொடங்கும் பசலி ஆண்டே அவற்றின் காலக்கணக்கு. இக்கணக்குகளின் தொகைகள் வட்டம், மாவட்டம், வருவாய் வாரியம் என மேலேறிச் சென்றபோது ஆங்கில அட்டவணைகளாயின. காப்பகத்தில் நிரந்தர இடம் பெற்றவை பெரும்பாலும் அவ்வட்டவணைகளே.

1980இல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. பரம்பரையாகக் கணக்கெழுதிய குடும்பங்களின் ஆதிக்கம் நீங்கியது என்ற வகையில் அது வரவேற்கத்தக்க சமூக மாற்றம். ஆவண நோக்கில் அது ஒரு பெரும் கைமாற்றத் தருணமும் ஆகும். தலைமுறைகளாக ஒரே வகையினர் பொறுப்பில் இருந்த தமிழ் எழுத்துகள் ஒரு நிர்வாக முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய அத்தருணத்தில், நடப்பு நிர்வாகத்துக்குத் தேவையான பதிவேடுகளே முதன்மை பெறும். பழையவற்றின் வரலாற்று மதிப்பை உணர்ந்து கேட்டுப்பெறும் அமைப்பு ஒன்று அருகில் இருந்தாலன்றி அவை தப்புவது தற்செயலே.

1956இன் ஆட்சிமொழிச் சட்டம் மேல்தளத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையிலிருந்த இம்மொழிப் பிரிவை நீக்கும் நோக்குடையது. அதன் நடைமுறையாக்கம் சீரானதன்று. துறைக்குத் துறை வேகம் வேறுபட்டது. ஆயினும் குறிப்புரை, வரைவுக் கடிதம், அரசாணை ஆகியவை தமிழில் எழுதப்படும் நிலை உருவாயிற்று. ஆட்சித் தமிழ் என்று நாம் இன்று அழைக்கும் உரைநடை வகை இக்கோப்புகளில்தான் பிறந்து வளர்ந்தது. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் புனைகதையையும் இதழியலையும் மேடைப்பேச்சையும் ஆராய்ந்த அளவுக்குக் கோப்புத் தமிழை ஆராயவில்லை. புதிய காப்பகம் அவ்வாய்வின் முதல் நிபந்தனையாகும்.

3. கோப்பு முடிவுறும் மேசை

காப்பகம் எங்கே தொடங்குகிறது? கட்டடத்தின் வாயிலில் என்று திட்ட வரைவுகள் கருதுகின்றன. உண்மையில் அது ஒரு கோப்பு முடிவுறும் மேசையில் தொடங்குகிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிக்கப்படும்போது ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ்., என்.டிஸ். என ஏதேனும் ஒரு முடிவு வகை அதன்மீது குறிக்கப்படுகிறது. ஆர்.டிஸ். எனக் குறிக்கப்பட்டது நிலையாக வைக்கப்பட வேண்டியது, எல்.டிஸ். எனக் குறிக்கப்பட்டது குறுகிய காலத்தில் அழிக்கப்படத்தக்கது. ஓரிரு எழுத்தில் அடங்கும் இம்முடிவு, பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்படப் போகும் வரலாற்றின் எல்லையை வரைகிறது.

ஆவணவியலில் இச்சிக்கல் பழையது. 1922இல் ஹிலாரி ஜெங்கின்சன், ஆவணத் தேர்வில் காப்பாட்சியர் தலையிடலாகாது, ஆவணத்தை உருவாக்கிய அலுவலகமே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்றார். 1956இல் ஷெல்லன்பர்க், நிர்வாகப் பயன் தீர்ந்த பின்னும் ஆவணத்துக்கு ஆய்வு மதிப்பு உண்டு என்றும், அதை மதிப்பிடுவது காப்பாட்சியரின் பணி என்றும் வாதிட்டார். நம் நடைமுறை ஜெங்கின்சன் பக்கம் சாய்ந்தது. கொள்கை அடிப்படையில் அன்றி, பழக்கத்தால் சாய்ந்தது என்பதே சிக்கல்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு சிற்றூரின் பொதுக்கிணறு தொடர்பாகத் தாழ்த்தப்பட்ட மக்கள் வட்டாட்சியருக்குத் தமிழில் மனு அளிக்கின்றனர் எனக் கொள்வோம். மனுவின்மீது அறிக்கை பெறப்படுகிறது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டுக் கோப்பு முடிகிறது. நிர்வாக நோக்கில் அதன் பயன் தீர்ந்தது. குறுங்கால வகையில் சேர்ப்பது முறையே. ஆய்வு நோக்கில் அம்மனு, எழுத்தறிவு புதிதாக எய்திய ஒரு சமூகம் அரசை எவ்வாறு விளித்தது, உரிமையை எந்தச் சொற்களில் கோரியது என்பதற்கு நேர்ச் சான்று. அத்தகைய மனு ஒன்று அழிவதால் நேரும் இழப்பு சிறிது. அவை அனைத்தும் ஒரே விதியால் அழியுமாயின், அம்மக்கள் காப்பகத்தில் பிறர் எழுதிய அறிக்கைகளின் பொருளாக மட்டுமே எஞ்சுவர். பத்திரிகை அறிக்கைகளில் நேர்ந்த இழப்பே வேறு வடிவில் மீண்டும் நிகழும்.

சட்ட நிலையும் இதற்குத் துணைநிற்கவில்லை. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மைய அரசு, ஒன்றியப் பகுதிகள், அவற்றைச் சார்ந்த நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்கே உரியது. மாநில அரசின் கோப்புகளை அது ஆளாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆவணங்களை அட்டவணைப்படுத்திப் பேண வேண்டிய கடமையை மாநில அலுவலகங்களுக்கும் விதிக்கிறது. எது நிலையாக வைக்கப்பட வேண்டும் என்பதை அது வரையறுப்பதில்லை. ஆகவே புதிய காப்பகத் திட்டத்தின் முதல் வரைபடம் கட்டடக் கலைஞருடையதாக இருத்தல் கூடாது. எந்தத் துறையின் எந்த வகைக் கோப்பு, எத்தனை ஆண்டுக்குப் பின், யாருடைய மதிப்பீட்டின்படி வந்துசேரும் என்னும் ஆவண வரவுத் திட்டமே முதலில் வரையப்பட வேண்டும். அடுக்குகளின் நீளம் அதன்பின் கணக்கிடப்பட வேண்டியது.

4. பட்டியலின் தமிழ்

வந்துசேர்ந்த ஆவணம் கண்டடையப்பட வேண்டும். 1898இல் டச்சு ஆவணவியலாளர் மூவர் வெளியிட்ட கையேடு, ஆவணங்களை அவை உருவான அலுவலகத்தின் மூல ஒழுங்கிலேயே வைக்க வேண்டும் என்னும் கொள்கையை நிலைநாட்டியது. பன்னாட்டு ஆவணப் பேரவையின் விவரிப்பு நெறிமுறைகளும் அவ்வடிப்படையிலேயே அமைந்தன. இந்நெறிமுறைகளைத் தமிழ் ஆவணத்துக்குப் பொருத்தும்போது தீர்க்கப்பட வேண்டியவை பல.

முதலில் ஆட்பெயர். குடும்பப்பெயரைத் தலைச்சொல்லாகக் கொள்ளும் ஆங்கில மரபு தமிழ்ப் பெயருக்குப் பொருந்தாது. தலைப்பெழுத்து தந்தை பெயரைக் குறிக்கிறதா ஊரைக் குறிக்கிறதா என்பது கோப்பைப் படித்தாலன்றித் தெரியாது. சாதிப்பட்டம் ஒரு கோப்பில் இருக்கும். பின்னாளைய கோப்பில் துறக்கப்பட்டிருக்கும். ஒரே மனிதர் பட்டியலில் இருவராகப் பிரிந்துவிடுவார்.

அடுத்தது ஊர்ப்பெயர். தஞ்சாவூர் பழைய ஆங்கிலப் பட்டியலில் டாஞ்சூர், திருச்சிராப்பள்ளி டிரிச்சினாப்பொலி, தூத்துக்குடி டூட்டிகோரின். 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் அரசாணை வெளியாகிச் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது என்பதில் அரசுக்கே உறுதியில்லாத சூழலில், வடிவ வேறுபாடுகள் அனைத்தையும் இணைத்துக்காட்டும் பெயர் ஆணைப்பட்டியல் ஒன்று இல்லாமல் எந்தத் தேடுபொறியும் பயன்தராது. மாவட்ட எல்லைகளும் மாறிவந்திருப்பதால் ஓர் ஊரின் ஆவணம் எந்த மாவட்டத் தொடரில் இருக்கும் என்பதையும் அப்பட்டியல் ஆண்டுவாரியாகக் காட்ட வேண்டும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும் என்பது வருவாய்த் துறையினர் அறிந்தது. ஆனால் ஒரு பசலி இரண்டு கிறித்தவ ஆண்டுகளில் படர்வதால், பட்டியல் இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

தஞ்சை மராத்தியர் கால மோடி எழுத்து ஆவணங்கள் இவ்விடத்தில் ஒரு பாடமாகின்றன. மராத்தி மொழியில் மோடி எழுத்தில் அமைந்த அவை பேணப்பட்டுள்ளன. அவற்றைப் படிக்க வல்லோர் மிகச் சிலரே என்பதால் பேணப்பட்டும் பெரும்பகுதி பேசாதிருக்கின்றன. படிக்கத் தெரிந்தவரைப் பயிற்றுவிப்பதும் காப்புப் பணியே. கர்ணத்தின் கூட்டெழுத்து, சுருக்கக் குறிகள், தமிழ்ப் பின்ன எண்கள் ஆகியவற்றை அறிந்த தலைமுறை குறைந்துவரும் இக்காலத்தில், பழைய கிராமக் கணக்குகளும் அந்நிலையை எய்த நெடுங்காலம் ஆகாது.

5. திறக்க இயலாத கோப்பு

மின்வருடல் இவையனைத்துக்கும் விடை என்னும் கருத்து பரவலாக உள்ளது. மின்வருடல் மூலத்தின் தேய்மானத்தைக் குறைக்கிறது, தொலைவிலிருப்போர்க்குத் துணைபுரிகிறது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியல் இல்லாத படிமத் தொகுப்பு, பட்டியல் இல்லாத கட்டுகளைப் போன்றதே. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, லை, றா, னா முதலிய வடிவங்களை எழுத்துணரிகள் சரியாகப் படிக்கப் பயிற்றப்படாவிடில் சொல்தேடலும் பிழைபடும்.

இதனினும் கடுமையானது, காகிதமாக இராமல் கணினியிலேயே பிறந்த தமிழ்க் கோப்புகளின் நிலை. தமிழ் எழுத்துருக்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு குறியேற்றங்களைப் பின்பற்றிய காலம் ஒன்றிருந்தது. 1999இல் டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அரசு அலுவலகங்கள் வானவில் போன்ற எழுத்துருக்களில் உருவாக்கிய ஆவணங்களை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தொடர்பற்ற இலத்தீன் எழுத்துகளே தோன்றும். 300 ஆண்டுக்கு முற்பட்ட ஓர் ஆலோசனைப் பதிவை இன்றும் படிக்கிறோம். 25 ஆண்டுக்கு முற்பட்ட ஒரு தமிழ்ச் சுற்றறிக்கையைப் படிக்க எழுத்துரு மாற்றியைத் தேடுகிறோம். புதிய காப்பகத்தில் கறையான் தடுப்புக்கு இடம் ஒதுக்குவோர், குறியேற்ற மாற்றத்துக்கும் அதைச் சரிபார்க்கும் தமிழறிந்த பணியாளர்க்கும் இடம் ஒதுக்க வேண்டும். மூலக் கோப்பை மாற்றாது வைத்து, மாற்றிய படியை அதனருகே வைப்பதே ஆவணவியல் முறை.

6. இடமும் கட்டடமும்

கட்டடம் இரண்டாவது என்பதால் அது சிறிதாகிவிடாது. காகித ஆவணங்களுக்குப் பொதுவாக அறிவுறுத்தப்படும் ஒப்பு ஈரப்பதம் 35 முதல் 60 விழுக்காடு. சென்னையின் மழைக்காலக் காற்று அவ்வெல்லையைக் கடந்தே இருக்கும். குளிரூட்டியை மட்டும் நம்பும் கட்டடம் மின்தடையில் தோற்கும். தடித்த சுவரும் சிறிய திறப்புகளும் கொண்டு வெப்ப மாற்றத்தைத் தாமே தணிக்கும் அமைப்பு இங்கு உகந்தது. 2015 திசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஒரு நகரில் அடித்தளத்தில் ஆவண அறை அமைப்பது பொருந்தாது.

சுற்றுப்புறமும் கருதப்பட வேண்டும். ஜெர்மனியின் கொலோன் நகரக் காப்பகம் 1971இல் தற்காலக் கருத்துகளின்படி கட்டப்பட்டது. அருகில் நடந்த சுரங்க ரயில் பணியின் விளைவாக 2009 மார்ச் 3ஆம் நாள் அது இடிந்து விழுந்தது. ஆவணங்களின் பெரும்பகுதி இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டது. புதிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. சிதைந்த துண்டுகளைச் சேர்க்கும் பணி அதன்பின்னும் தொடர்கிறது. நகரின் நடுவில் ஒரே இடத்தில் அனைத்தையும் குவிப்பதன் ஆபத்தை இது உணர்த்துகிறது. மாவட்ட மையங்களை வலுப்படுத்தி, முதன்மை ஆவணங்களின் படிகளை வேறிடத்தில் வைப்பது செலவு மிகுந்ததாயினும் காப்பின் பகுதியே. கிராமக் கணக்குகளும் மனுக்களும் தம் மாவட்டத்திலேயே இருப்பின், அவற்றின் சொற்களை அறிந்தோரும் அருகில் இருப்பர்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பழைய காகிதம் நாள்தோறும் நொறுங்குகிறது. முதலில் கூரை, பிறகு கோட்பாடு என்பது அம்மறுப்பு. இதன் முன்பகுதி முற்றிலும் உண்மை. நொறுங்கும் தாளைத் திருப்ப அஞ்சிப் பக்கத்தைப் படிக்காமலே மூடிய அனுபவம் ஆய்வு மாணவர் பலர்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் கூரை எழுந்தபின் பட்டியலாளர் பணியிடமும் தேர்வுக் குழுவும் தாமாக வரும் என்பதற்கு உறுதி இல்லை. கட்டடம் ஒருமுறைச் செலவு, பணியாளர் தொடர்செலவு. திட்ட அறிக்கையில் இரண்டும் ஒரே ஒப்புதலில் இணைக்கப்பட வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, மாநில அரசின் ஆவணங்களுக்கெனத் தேர்வு, வைப்புக்காலம், அணுகல் ஆகியவற்றை வரையறுக்கும் சட்ட ஏற்பாடு கட்டடத் திட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டும். இரண்டு, குறுங்கால வகையில் முடியும் தமிழ் மனுக்களையும் கீழ்நிலைப் பதிவேடுகளையும் முழுமையாக வைக்க இயலாவிடினும், மாவட்டந்தோறும் மாதிரி முறையில் தெரிந்தெடுத்து வைக்க வேண்டும்; அதைத் தீர்மானிப்பதில் வரலாறு, மொழி ஆகிய துறையினர்க்கும் இடம் வேண்டும். மூன்று, ஆட்பெயர், ஊர்ப்பெயர், பசலி ஆண்டு ஆகியவற்றுக்கான தமிழ் ஆணைப்பட்டியல் முதல் ஆவணக் கட்டு இடம்பெயரும் முன்பே தொடங்கப்பட வேண்டும். நான்கு, ஒருங்குறிக்கு முற்பட்ட மின்கோப்புகளை அந்தந்த அலுவலகங்களின் பழைய கணினிகள் கழிக்கப்படும் முன் பெற வேண்டும். இவற்றுள் காலத்தோடு மிகவும் போட்டியிடுவது நான்காவது. தாள் நொறுங்குவது கண்ணுக்குத் தெரியும்; கழிக்கப்பட்ட வன்தட்டு எதையும் விட்டுச்செல்வதில்லை.

1909இன் கட்டடம் தன் அரசின் மொழியை நன்கு அறிந்து எழுப்பப்பட்டது. அதனால்தான் அந்த அரசைப் பற்றி நூறாண்டுக்குப் பின்னும் நம்மால் இவ்வளவு எழுத முடிகிறது. தமிழில் இயங்கிய அரசைப் பற்றி அடுத்த நூற்றாண்டின் ஆய்வாளர் அதே அளவு எழுத வேண்டுமாயின், அவர்க்கான ஆவணங்களைத் தெரிந்தெடுக்க வேண்டியோர் இன்றிருப்போரே.